ரைனை அளந்து சொல்லும் சிற்றூர்: கேள்வி – பதில்

கே: ஜெர்மனியில் ஒரே ஓர் ஆற்றங்கரை ஊரைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைச் சொல்வீர்கள்?

ப: கவுப். ரைன் நதியின் வலது கரையில், மைன்ஸ் நகருக்கும் கோப்லென்ஸ் நகருக்கும் நடுவே இருக்கிறது. மொத்த மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடாது. பின்னால் திராட்சைக் கொடிகள் ஏறி நிற்கும் செங்குத்து மலை, முன்னால் ஆறு. இடையில் கிடைத்த கீற்று நிலத்துக்குள் வீடுகள், மதில், ரயில் பாதை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

கே: ஆயிரம் பேர்கூட இல்லாததை 'நகரம்' என்று எழுதுகிறார்களே?

ப: 1324-ல் கிடைத்த நகர உரிமை இன்னும் செல்லுபடியாகிறது. ஏட்டில் நகரம், நடந்து பார்த்தால் கிராமம்.

கே: ஆற்றின் நடுவே கப்பல் வடிவில் ஒரு கோட்டை நிற்கிறதே, பகைவரைத் தடுக்கவா கட்டினார்கள்?

ப: காசு வாங்கக் கட்டினார்கள். அதன் பெயர் ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன். 1326-27-ல் மன்னர் பவேரிய லுட்விக், ரைனில் போகும் படகுகளிடம் சுங்கம் வசூலிக்க ஒரு பாறைத் தீவில் ஐங்கோணக் கோபுரம் எழுப்பினார். 1340 வாக்கில் அதைச் சுற்றி அறுகோண மதில் வந்தது. நீரோட்டத்தை எதிர்கொள்ளும் முனையைக் கூர்மையாகக் கட்டியதற்குக் காரணம் உண்டு. வெள்ளத்தையும், குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிப்பாளங்களையும் அந்த முனை பிளந்து இருபுறமும் தள்ளிவிடும். ஆற்றில் இது, கரையில் மதில் சூழ்ந்த ஊர், மலைமேல் கூட்டன்ஃபெல்ஸ் கோட்டை. மூன்று பக்கமும் காவல் இருக்க எந்தப் படகுக்காரர் கட்டாமல் போக முடியும்? ஏறத்தாழ 540 ஆண்டுகள் நடந்த வசூல் இது. 1866-ல் பிரஷ்யா இந்தப் பகுதியை எடுத்துக்கொண்ட பிறகுதான் நின்றது.

கே: லுட்விக்கைப் போப்பாண்டவர் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தது இந்தச் சுங்கத்துக்காகத்தானா?

ப: இல்லை. விலக்கியது 1324-ல், அரசுரிமைச் சண்டையில். கோபுரம் அதற்குப் பிறகு வந்தது.

கே: ஓர் இளவரசியை அந்தக் கோட்டைக்குள் அடைத்து வைத்ததாகவும், காதலன் வந்து ரகசியமாக மணந்ததாகவும் சொல்கிறார்களே?

ப: கதையில் வரும் காதல் நிஜம், கோட்டைதான் மாறிவிட்டது. ஆக்னஸ் என்ற அந்தப் பெண் ஸ்டௌஃபர் குலத்தவர். மாப்பிள்ளை ஹைன்ரிஷ், அந்தக் குலத்துக்குப் பரம எதிரியான வெல்ஃப் குலத்தவர். பேரரசர் அவளைப் பிரான்ஸ் மன்னருக்குக் கொடுக்க நினைத்திருந்தார். பெண்ணின் தாயே முன்னின்று ரகசியத் திருமணத்தை நடத்தி வைத்துவிட்டார். இது நடந்தது 1194 வாக்கில், எதிர்க்கரையில் பாஹராஹ் ஊருக்கு மேலே உள்ள ஸ்டாலெக் கோட்டையில். கவுப்பின் ஆற்றுக் கோபுரம் எழ அப்போது இன்னும் 130 ஆண்டுகள் பாக்கி. எனக்கு இந்தக் கதையில் பிடித்தவர் அந்தத் தாய்தான். அவர் பெயர் இர்மன்கார்ட்.

கே: மலைமேல் உள்ள கூட்டன்ஃபெல்ஸுக்குள் போகலாமா?

ப: வெளியே நின்று பார்க்கலாம், தனியார் சொத்து. 1504-ல் ஹெஸ்ஸன் படை 39 நாள் முற்றுகையிட்டும் பிடிக்க முடியாமல் திரும்பிய கோட்டை அது. பிறகு நெப்போலியன் காலத்தில் இடிபட்டு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுந்தது. ஆற்றுக் கோட்டையோ ஒருமுறைகூட இடிபடவில்லை. ரைன் கரையில் அது மிக அபூர்வம்.

கே: கடைத்தெருவை ஒட்டி ஒரு ராணுவ அருங்காட்சியகம் இருக்கிறதாமே, இந்தச் சின்ன ஊருக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்?

ப: 1813 டிசம்பர் 31 இரவு. லைப்ஸிக் போரில் தோற்ற நெப்போலியன் ரைனுக்கு மேற்கே ஒதுங்கிவிட்டார். துரத்தி வந்த பிரஷ்யத் தளபதி ப்ளூஷருக்கு வயது 71. பெரிய நகரங்களில் ஆற்றைக் கடந்தால் பிரெஞ்சுக்காரர்கள் காத்திருப்பார்கள். அதனால் யாரும் எதிர்பாராத கவுப்பைத் தேர்ந்தெடுத்தார். உள்ளூர்ப் படகோட்டிகள் முதல் வீரர்களை இருட்டில் அக்கரை சேர்த்தார்கள். பின்னாலேயே ரஷ்யப் பொறியாளர்கள் கித்தான் போர்த்திய மிதவைகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டார்கள். கோட்டைத் தீவு நடுத்தாங்கலாக உதவியது. தீவுக்கு அப்பால் பாதிப் பாலத்தை நீரோட்டம் பிய்த்துக்கொண்டு போக, மறுபடி கட்டினார்கள். சில நாட்களில் சுமார் 50,000 வீரர்கள், குதிரைகள், பீரங்கிகள் எல்லாம் அக்கரை சேர்ந்தன. ப்ளூஷர் தங்கிய விடுதிதான் அந்த அருங்காட்சியகம். ஆற்றோரம் அவருக்குச் சிலையும் உண்டு. அந்தப் படகோட்டிகளுக்கும் அதே அளவில் ஒரு சிலை வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கே: கவுப் கொஞ்ச காலம் தனி நாடாக இருந்ததா?

ப: தனியாக இருந்தது, சட்டப்படி நாடாக இல்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் நேச நாடுகள் ரைனின் வலது கரையில் 30 கி.மீ. ஆரத்தில் வட்டங்கள் வரைந்து படைகளை நிறுத்தின. கோப்லென்ஸிலிருந்து அமெரிக்க வட்டம், மைன்ஸிலிருந்து பிரெஞ்சு வட்டம். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. இடையில் போத்தல் கழுத்து வடிவில் ஒரு துண்டு நிலம் யாருடைய பிடியிலும் இல்லாமல் மிஞ்சியது. லோர்ஷ், கவுப் எல்லாம் அதற்குள் அடக்கம். ரயில்கள் நிற்காமல் ஓடின, நல்ல சாலைகள் அடைபட்டன, மிச்சமிருந்தது மலைப்பாதைதான். கடத்தல் நடந்தது, சொந்தமாக அவசரக்காலப் பணத்தாளும் அச்சடித்தார்கள். 1919 ஜனவரியிலிருந்து 1923 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை நுழையும்வரை இப்படியே சமாளித்தார்கள். 'போத்தல் கழுத்துச் சுதந்திர நாடு' என்ற பெயரை இன்று அங்குள்ள ஒயின்காரர்களும் விடுதிக்காரர்களும் பெருமையோடு பயன்படுத்துகிறார்கள்.

கே: சரி, இன்று உலகம் கவுப்பைக் கவனிக்க ஏதாவது காரணம் உண்டா?

ப: உண்டு, ஆற்றோரம் உள்ள நீர்மட்ட அளவுமானி. கோட்டையைவிட முக்கியமான சின்னம் அதுதான் என்பேன். இங்கே ரைனின் படுகை பாறை, கப்பல் வழியின் மிக ஆழம் குறைந்த இடங்களில் ஒன்று. ராட்டர்டாமில் சரக்கு ஏற்றி மன்ஹைமுக்கோ பாசலுக்கோ போகிற கப்பல் இந்த இடத்தைக் கடந்தே ஆக வேண்டும். அதனால் எத்தனை டன் ஏற்றலாம் என்பதை ராட்டர்டாமிலேயே கவுப்பின் அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். மட்டம் இறங்கினால் கப்பல் கூலியில் கூடுதல் கட்டணம் ஏறும். அதற்கான ஒப்பந்தங்களிலும் கவுப்பின் பெயர் இருக்கிறது. நிலக்கரி, எண்ணெய், ரசாயனம் எல்லாம் இந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டவை.

கே: 2018 அக்டோபரில் கவுப் மட்டம் 25 செ.மீ. என்று செய்தி வந்தது. முழங்கால் தண்ணீரிலா கப்பல் போயிற்று?

ப: இந்தக் குழப்பம் பலருக்கு உண்டு. அளவுமானியின் சுழியம் ஆற்றின் அடித்தளம் அல்ல, ஒரு நிலையான குறி. கப்பல் வழியின் தரை அதற்கும் ஒரு மீட்டருக்குமேல் கீழே இருக்கிறது. அளவுமானி 78 செ.மீ. காட்டும்போது வழியில் 1.90 மீட்டர் ஆழம் கிடைக்கும். 25 என்றால் 1.4 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பெரிய கப்பல்கள் சரக்கின் பெரும்பகுதியைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. மறுபுறம் வெள்ளத்தில் 6.40 மீட்டரைத் தாண்டினால் கப்பலே ஓடக் கூடாது.

கே: வெள்ளத்தில் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்?

ப: பழைய மதிலின் மேல்நடையில் நடந்துபோனார்கள். தெரு மூழ்கினால் மாடி வழியே மதிலேறிப் போக வழி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், அசந்துபோவீர்கள்.

கே: ஆற்றை ஆழப்படுத்திவிட்டால் தீர்ந்ததே?

ப: திட்டம் இருக்கிறது. சாங்க்ட் கோவாருக்கும் மைன்ஸுக்கும் இடையே 1.90 மீட்டரை 2.10 ஆக்க வேண்டுமாம். சாதாரணக் கோடையில் அந்த 20 செ.மீ. உதவும். 2018 போன்ற வறட்சியில் அது போதாது. லுட்விக்ஸ்ஹாஃபன் ரசாயன ஆலைக்காக 2023-ல் வந்த 'ஸ்டோல்ட் லுட்விக்ஸ்ஹாஃபன்' என்ற அகலமான கப்பல், கவுப்பில் மட்டம் 30 செ.மீ. ஆனாலும் 800 டன் சுமந்து கடக்கும்படி வடிவமைக்கப்பட்டது. யுனெஸ்கோ 2002-ல் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற பள்ளத்தாக்கு இது. ஆற்றுக்கு ஏற்பக் கப்பலை மாற்றுவதே சரி.

கே: எதிர்க்கரைக்குப் பாலம்?

ப: கிடையாது. மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே 80 கி.மீ.க்கும் மேல் ரைனுக்குப் பாலமே இல்லை. கார் ஏற்றும் படகு உண்டு.

கே: நேரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை?

ப: உல்லாசப் படகில் வந்து, கோட்டையைப் படம் எடுத்துக்கொண்டு, அப்படியே கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் இறங்குங்கள். ஓர் இரவு தங்குங்கள். சரக்கு ரயில் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் கவுப் நீர்மட்டத்தைப் பாருங்கள், வெள்ளம் வந்தால் தீவுக்குப் படகு விடமாட்டார்கள். 2029-ல் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் தேசியத் தோட்டக் கண்காட்சி நடக்கவிருக்கிறது. கூட்டம் பிடிக்காதவர்கள் அதற்கு முன்பே போய்விடுங்கள்.