சகலை எனும் அளவுகோல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

சகலை இல்லாத ஆண்மகனுக்குத் தன் சம்பளம் போதுமா போதாதா என்று அறிய வழியே இல்லை என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

இத்துறைக்கு முன்னோடிகள் உண்டு. மைத்துனியின் கணவரைவிட ஆண்டுக்கு நூறு டாலராவது கூடுதலாக வந்தால் அதுவே செல்வம் என்று அமெரிக்க எழுத்தாளர் எச். எல். மென்கன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டார். புற அளவுகோல் கிடைக்காதபோது மனிதர் பிறரை வைத்தே தம்மை அளக்கிறார்கள், அதிலும் தம்மை ஒத்தவரையே தேடுகிறார்கள் என்றார் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் (1954). அம்பானி வீட்டின் மாடிகளை எண்ணி எவருக்கும் தூக்கம் கெடுவதில்லை. சகலை மொட்டை மாடியில் ஓர் அறை எடுத்தால் கெடுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் ஏன் போதாது? அவருக்குப் பூர்வீகச் சொத்து இருக்கலாம். உடன்பிறந்த தம்பி என்றால் "அவனைத்தானே அப்பா கான்வென்ட்ல போட்டாரு" என்று தப்பிக்கலாம். சகலைகளுக்கோ அதே மாமனார், ஏறக்குறைய அதே சீர். ('ஏறக்குறைய' என்பதில் மூத்த மாப்பிள்ளைகளுக்குக் கருத்து வேறுபாடு உண்டு.) மற்ற மாறிகளையெல்லாம் கட்டுப்படுத்தி, மாப்பிள்ளையை மட்டும் மாற்றிவைத்த சோதனை இது. செலவு முழுவதும் மாமனாருடையது.

தரவு திரட்டும் களம், மாமனார் வீட்டுத் தீபாவளி. சம்பளத்தை நேரடியாகக் கேட்பது ஆய்வு நெறிக்கு முரண். "என்ன சகல, இன்னும் அதே வண்டிதானா?" என்று தொடங்க வேண்டும். "மைலேஜ் நல்லா குடுக்குது சகல" என்று பதில் வந்தால், வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை எனக் குறித்துக்கொள்க. இதைவிட நுட்பமான கருவி மாமியார். "இன்னொரு தோசை வெச்சுக்கோங்க மாப்பிள்ளை" என்ற வற்புறுத்தல் யார் இலைப் பக்கம் எத்தனை முறை போகிறது என்பதைச் சட்னியைப் பார்த்துக் குனிந்தபடியே எண்ணிவிடலாம். இளையவர் முந்தினால் மூத்தவருக்கு அன்று முழுக்கத் தலைவலி இருக்கும்.

பகுப்பாய்வு ஊர் திரும்பும் பேருந்தில், மனைவியின் தலைமையில் நடக்கும். டேவிட் நியூமார்க், ஆண்ட்ரூ போஸ்ட்லவெய்ட் என்ற பொருளியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு வலு சேர்க்கிறது: சகோதரியின் கணவர் தன் கணவரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தால், அமெரிக்கப் பெண்கள் வேலைக்குப் போகும் வாய்ப்பு கூடுகிறதாம். ஆக, கணக்கேடு அங்கும் மனைவியிடம்தான்.

வரம்பு ஒன்று உண்டு. ஒற்றை மகளைக் கட்டியவர்கள் மாதிரியில் சேர்க்கப்படவில்லை. அவர்கள் நிம்மதியாக இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். மனைவியின் சித்தப்பா மகளைக் கட்டியவர் வரை தேடிப் போய், சகலை முறை கண்டுபிடித்துவிடுகிறார்கள்.