நட்சத்திர பல்பு

குண்டு பல்பு விற்பனைக்கு அமெரிக்கா 2023-ல் கடிவாளம் போட்டபோது, ‘என் வீட்டில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்று அரசா சொல்வது?’ என்று பலர் கொதித்தார்கள். சிக்கன பல்பு வெளிச்சத்தில் தன் முகம் ஆரஞ்சாகத் தெரிகிறது என்று டிரம்ப் 2019-லேயே அலுத்துக்கொண்டவர்.

சென்னை அம்பத்தூர் ஓ.டி.யில் அந்தக் கொதிப்பெல்லாம் இல்லை. இங்கே குண்டு பல்பை ஒழிக்கத் தடைச் சட்டம் தேவைப்படவில்லை. உஜாலா திட்டத்துக்காக மத்திய அரசு நிறுவனம் எல்இடி பல்பை மொத்தமாக வாங்கித் தள்ள, 2014-ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 9 வாட்டில் 60 வாட் வெளிச்சம் கிடைத்ததும் நுகர்வோர் உரிமைக்குக் கொடி பிடிக்க ஆளில்லை.

2018 முதல் எல்இடி பல்புக்கு, மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரையும் கட்டாயம். கடையில் அதை எண்ணுகிறவர் யார்? கடைக்காரர் பல்பை ஹோல்டரில் மாட்டி எரித்துக் காட்டுவார். அடிப்பாகத்தில் மார்க்கரால் தேதி போடுவார். எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் பதில் இப்படி வரும்: “அதெல்லாம் அட்டையில இருக்கும் சார். ஃபியூஸ் போனா நான் பாக்குறது இந்தத் தேதியத்தான். தொடைக்கிறேன்னு அழிச்சுடாதீங்க!”