படத்தில் சனம் எங்கே?

கேள்வி: ஐயா, பழைய தேவாலயப் படங்களில் சனத்தையே காணவில்லையே. அந்தக் காலத்தில் பூசைக்கு ஒருவரும் போகவில்லையா? (வாசகர், சல்லி)

பதில்: போனார்கள், ஆனால் அசையாமல் நிற்கவில்லை. அன்றைய காகித நெகட்டிவில் வெளிச்சம் பதிய நிமிடக்கணக்காகும். நடந்துபோனவர் எவரும் படத்தில் விழமாட்டார். நின்ற இடத்தில் நின்றது கட்டடம் மட்டுமே. கமராக்காரருக்குத் தேவாலயத்தின் மேல் அத்தனை பக்தி வந்த ரகசியம் இதுதான்!

1851இல் பிரெஞ்சு அரசு, பழைய கட்டடங்களைத் திருத்துமுன் படம்பிடித்து வைக்க ஐந்து பேரை அனுப்பியது. அவர்களில் ஒருவரான ஆன்றி லெ செக் என்பவர் ரேம்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயங்களை எடுத்துவந்தார். அரசோ படங்களை வெளியிடாமல் பத்திரமாகப் பூட்டிவைத்தது. அரசாங்கம் எந்த ஊரிலும் அரசாங்கம்தான்.

நம் நாட்டுக்கு வாருங்கள். யாழ் கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் போரில் தரைமட்டமானது. அதன் முகப்பைப் பார்க்க இன்று படம்தான் கதி. உங்கள் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை: போர்த்துக்கேயர் 1620களில் இடித்தார்கள், புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல்.

உங்கள் பக்கத்துப் பழைய தேவாலயங்களைக் கைபேசியில் எடுத்துவையுங்கள். செல்பி வேண்டாம், முகப்பு மறைந்துவிடும்.