பாதரட்சை அபகரணம்: ஓர் ஆராய்ச்சி

ஆடி அமாவாசையன்று பூம்புகாரில், காவிரி கடலோடு கலக்குமிடத்தில் முழுகிப் பித்ருக்களுக்குத் தர்ப்பணமும் செய்து முடித்தவன், ஈர வேட்டியைப் பிழிந்தபடி முதலில் தேடுவது மோட்சத்தையன்று, மணலில் விட்டுப்போன செருப்பையே என்பது பிரத்தியட்சப் பிரமாணம்.

இத்திருட்டை ஆராய இவ்வூரைவிடத் தகுந்த க்ஷேத்திரம் வேறில்லை. சிலப்பதிகாரம் புகாரின் ஐந்து மன்றங்களுள் முதலாவதாக வைப்பது வெள்ளிடை மன்றத்தை. உடையவர் பெயர் பொறித்த பொதிகள் தாழும் காவலுமின்றி அங்கே கிடக்க, கைவைத்த கள்வனின் தலையில் அப்பொதியே ஏறி, கழுத்து நோக அவனைச் சுற்றிச் சுற்றி நடக்கவைக்குமேயன்றி அப்பால் போகவிடாதாம். தலையில் ஏறும் பொருளுக்கு விதி வகுத்த தெய்வம், காலில் ஏறும் பொருளுக்கு யாதொன்றும் வகுக்காமற் போனதே பிற்கால அனர்த்தங்களுக்கெல்லாம் மூலகாரணம் என்பது என் சித்தாந்தம்.

அதே காப்பியத்தில் மதுரைப் பொற்கொல்லன், கள்வருக்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு என்கிறான். சிலம்பைத் திருடியவனே அவனாதலால் இது அனுபவ வாக்கு. நம் கள்வனுக்கோ கடைசி மூன்றே போதும்: இடம் குளிதுறை, காலம் அமாவாசை, கருவி அவனது சொந்தப் பாதம். மந்திரத்தைச் செருப்புக்குரியவரே கரையில் அமர்ந்து சொல்லிக்கொண்டிருப்பதால் அதற்குச் செலவில்லை.

அவன் தன்னைத் திருடனென்று கருதுவதுமில்லை. வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பைப் பிரதியாக விட்டுச் செல்வதால் அது பண்டமாற்று. அபரகாரியத்தில் குடையும் பாதரட்சையும் தானம் கொடுப்பது வழக்கமாகையால், கொடுக்க மறந்ததைத் தானே எடுத்துக்கொண்ட உபகாரம். அளவும் பொருந்திவிட்டதென்றால் தெய்வ சம்மதம்.

1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை வைத்தது. 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சம்ஹிதையோ, 5000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதன்முறை தண்டனை பெறுகிறவன், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால் சமூக சேவை போதுமென்கிறது. தெருத்தெருவாகப் பெருக்கவைப்பார்களானால் வெள்ளிடை மன்றம் மீண்டதென்றே கொள்ளலாம்.

சென்ற ஆடியில் என்னுடையதும் போயிற்று. நான் வெறுங்காலோடு வீடு திரும்பவில்லை என்பதை மறைப்பானேன்? எட்டாம் நம்பர் ரப்பர் செருப்பு, இடது வாரில் ஊக்கு. உரியவர் அடுத்த அமாவாசைக்கு அதே இடத்தில் வந்து பெற்றுக்கொள்ளலாம். வரும்போது என் தோல் செருப்பையும் போட்டுக்கொண்டு வரவேண்டுமாய்ப் பிரார்த்திக்கிறேன்.