பூக்காரன் தலையில் முடி

கதைகளில் அரியணை யாருக்குப் போகும் என்று நான் சொன்ன ஆரூடம் ஒன்றுகூடப் பலித்ததில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படிக்கும்போது, முடி அருண்மொழிக்குத்தான் என்று அத்தை மகனிடம் பந்தயம் கட்டினேன். தலைப்பிலேயே அவன்தான் இருக்கிறான், இதில் தோற்க என்ன இருக்கிறது?

வாராவாரம் வந்த தொடரைக் கிழித்து வைத்து, மணியம் படங்களோடு அத்தை பைண்டு செய்திருந்த தொகுப்பு அது. தஞ்சைக்கு வெளியே நந்தவனத்துக் குடிசையில், வாய்பேசாத தாயோடு இருந்துகொண்டு பூத்தொடுத்துத் தேவாரம் பாடும் சேந்தன் அமுதன் வந்தாலே எனக்குக் கொட்டாவி வரும். வந்தியத்தேவன் எங்கே என்று பக்கங்களைத் தள்ளிவிடுவேன். ஐந்தாம் பாகத்தில், தனக்கு வந்த கிரீடத்தை அருண்மொழி அந்தப் பூக்காரன் தலையில் வைக்கிறான்! செம்பியன் மாதேவி பெற்ற உண்மையான மதுராந்தகன் அவன்தானாம். படகோட்டிப் பூங்குழலி பட்டத்து ராணி. அத்தை மகனுக்கு ஒரு பொட்டலம் கடலைமிட்டாய்.

உத்தம சோழன் என்ற பட்டப்பெயரோடு மதுராந்தகன் ஆண்டு முடித்த பிறகே, 985இல், அருண்மொழி ராஜராஜனாகப் பட்டத்துக்கு வந்தான் என்பது சரித்திரம். அதையாவது படித்திருந்தால் கடலைமிட்டாய் மிஞ்சியிருக்கும். கல்கிக்கு இதில் ஒரு சிக்கல் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. உத்தம சோழனைத் தவிர்க்க முடியாது. ஆனால் கதையில் அதுவரை மதுராந்தகன் என்று வலம்வந்து சிம்மாசனத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டவனுக்கு அருண்மொழி விட்டுக்கொடுத்தால், அது தியாகமா ஏமாளித்தனமா என்று வாசகர் கேட்பார். ராஜாவின் பட்டப்பெயரை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றிவிட்டார், கெட்டிக்காரர்.

பதவி வேண்டாம் என்பவனைத்தான் பதவி தேடிவரும் என்று அப்போதே ஒரு சூத்திரம் எழுதி வைத்தேன். ராபர்ட் கிரேவ்ஸ் 1934இல் எழுதிய 'ஐ, கிளாடியஸ்' அதை உறுதி செய்தது. ரோமாபுரியின் அரச குடும்பத்தில் கெட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக விஷத்துக்கும் கத்திக்கும் போகிறார்கள். திக்குவாயும் நொண்டிக்காலுமாக இருந்த கிளாடியஸை மட்டும் அசடு என்று விட்டுவைக்கிறார்கள். சக்கரவர்த்தி கலிகுலா கொலையானதும் திரைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தவனைக் காவல் வீரர்கள் இழுத்துத் தோளில் தூக்கிச் சக்கரவர்த்தி ஆக்குகிறார்கள். அப்போது அவனுக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? இனி நம் புத்தகங்களை நாலு பேரைப் படிக்க வைத்துவிடலாம் என்று!

இவ்வளவும் தெரிந்தவன், எங்கள் அடுக்குமாடி சங்கக் கூட்டத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? செயலாளர் பதவி எனக்கே வேண்டும் என்று மேஜையைத் தட்டியிருக்க வேண்டும். நானோ கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். சூத்திரம் வேலை செய்துவிட்டது. மோட்டார் ரூம் சாவிக்கொத்தும், மெயின்டனன்ஸ் பாக்கி நோட்டும், போனை எடுக்காத பிளம்பரின் நம்பரும் கைக்கு வந்தன.

சத்தியமாக எனக்கும் கிளாடியஸின் சபலம்தான். என் எழுத்தை இனி முப்பது வீடும் படித்தே ஆக வேண்டும். சம்ப் கழுவும் நாளை அறிவிக்க, நீரின் அருமையில் தொடங்கி ஒரு முழுப் பக்கம் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன்.

அன்று காலை முதல் மாடி அம்மா, தலையில் சீயக்காயோடு பால்கனியில் வந்து நின்றார்.

"தண்ணி நிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்?"

"போர்டுல எழுதியிருக்கேனே மேடம்."

"அதுவா? நீங்க பத்திரிகைக்கு எழுதினதை ஒட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன்."