வெறுஞ்சுவரும் ஒரு பலகையும்

புதுக்கோட்டைப் பக்கம் பழைய வீட்டை இடித்துப் புதுப்பித்தவர்களில் ஒரு வகை உண்டு. கொத்தனாருக்குக் கணக்குத் தீர்த்தாகிவிட்டது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் விளக்கு எரிகிறது. பால் காய்ச்சி, உறவுமுறைக்கெல்லாம் சாப்பாடு போட்டு, வந்த மொய்யையும் எழுதி முடித்தாகிவிட்டது. ஆனாலும் அவர் ஹாலில், டிவி மாட்டிய சுவருக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சட்டைப் பையில் பேனாவுக்குத் துணையாக ஓர் இஞ்ச் டேப். ஆலங்குடியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவராக இருக்கலாம், கீழராஜவீதியில் கடை வைத்திருப்பவராக இருக்கலாம், சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்து கட்டட வேலையை முடித்தவராகவும் இருக்கலாம். வாசலில் செருப்பைக் கழற்றுகிற யாரும், தண்ணீர் கேன் போட வந்த பையன் உட்பட, அவருடைய கேள்வியிலிருந்து தப்ப முடியாது: "டிவிக்குக் கீழ ஒரு பலகை போடலாமா, இல்ல இப்படியே மொழுக்குன்னு விட்டுடலாமா?" போடுங்கள் என்றால், போட்டால் என்னென்ன கெடும் என்று விளக்குவார். வேண்டாம் என்றால், அதெப்படி வேண்டாம் என்கிறீர்கள் என்று சண்டைக்கு வருவார். அவருக்குத் தேவை தீர்ப்பு இல்லை, வாய்தா.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதே மனிதர் குளிர் தேசங்களிலும் இருக்கிறார். அங்கே அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கணப்படுப்பின் முன்னால் நிற்பார். பழைய கணப்பை இடித்துச் சீராக்கியாகிவிட்டது. அதன் தலைக்கு மேல் பழையபடி பலகை வைப்பதா வேண்டாமா என்பது அவருடைய தூக்கக் கேடு. அந்தப் பலகை அங்கே முளைத்த கதை நமக்கும் உதவும். இடைக்கால ஐரோப்பாவில் கூடத்து நெருப்பு நடுவிலிருந்து சுவரோரத்துக்கு நகர்ந்தபோது, புகை அறைக்குள் பரவாமல் மேலே போக, நெருப்புக்கு மேல் ஒரு கூம்புமூடியை நீட்டிக் கட்டினார்கள். பிற்பாடு புகைபோக்கி சுவருக்குள்ளேயே ஒழுங்காக அமைந்தது. மூடிக்கு வேலை போயிற்று. விளிம்பு மட்டும் போகவில்லை. பலகையாகத் தங்கி, கடிகாரத்தையும் மெழுகுவத்தித் தண்டையும் தாத்தா படத்தையும் சுமக்கத் தொடங்கியது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பங்களா கட்டிய வெள்ளைக்காரர்கள் அந்தப் பலகையையும் கையோடு கொண்டுவந்தார்கள். இன்று அமெரிக்காவில் பல வீடுகளில் கணப்புக்கு மேலேயே டிவியை மாட்டுகிறார்கள். கீழிருந்து எழும் சூட்டை டிவியின்மேல் படாமல் பலகைதான் முன்பக்கம் தள்ளிவிடுகிறது. பல நூறு வருடம் சும்மா இருந்த பலகைக்கு மறுபடி உத்தியோகம் கிடைத்துவிட்டது. புதுக்கோட்டையில் கணப்பு கட்டுகிறவர் கிடையாது. கட்டுவதாக யாராவது சொன்னால் சித்திரை மாதத்து மத்தியானத்தில் அவரைப் பார்த்துப் பேச வேண்டும். ஆனால் வீட்டார் அத்தனை பேரும் முகம் பார்த்து உட்காருகிற ஒரு சுவர் இங்கேயும் உண்டு. அது டிவி சுவர்.

நான் பலகைக் கட்சி. அதற்குக் காரணம் டிவி இல்லை. டிவிக்குப் பலகை தேவையே இல்லை, நாலு திருகாணியில் அது பாட்டுக்குத் தொங்கும். பலகை தேவைப்படுவது வீட்டுக்குள் இடமில்லாமல் அலைகிற சாமான்களுக்கு. இதற்குச் சாட்சி பழைய டிவிதான். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியபோது டிவி என்பது கால் முளைத்த மரப்பெட்டி. சில கம்பெனிப் பெட்டிகளுக்கு இழுத்துச் சாத்தும் கதவும் உண்டு. பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட தாத்தாக்களும் உண்டு. ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாஹினி பிடித்த காலத்திலும், 1987-இல் ராமாயணத் தொடருக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே கூடிய காலத்திலும் பெட்டி பெட்டியாகவே இருந்தது. 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியதும், ஓட்டு வீட்டுக்கும் கூரை வீட்டுக்கும் பதினாலு அங்குலப் பெட்டி வந்து சேர்ந்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது: தலை. குழாய் டிவிக்கு முதுகுப் பக்கம் நீளம். இருபத்தோரு அங்குலப் பெட்டி என்றால் பின்னால் ஒன்றரை அடி போகும். அந்தத் தலையில் பூ வேலை செய்த துணி விரித்து, அதன்மேல் தலையாட்டி பொம்மை, பிளாஸ்டிக் ரோஜா, திருச்செந்தூரில் வாங்கிய சங்கு, மூத்தவள் கல்யாணப் படம், சின்னவன் கோகோவில் வாங்கிய கோப்பை, அதற்கு உள்ளே ஊக்கும் சில்லறையும் கரன்ட் பில் அட்டையும். கணப்பே இல்லாத ஊரில் கணப்புப் பலகை செய்த அத்தனை வேலையையும் அந்தத் தலை செய்தது. கம்பெனிக்காரன் அதற்கென்று தனியாகக் காசு வாங்கவும் இல்லை.

பிறகு தட்டை டிவி வந்தது. படம் பெரிதாயிற்று, தலை காணாமல் போயிற்று. நம் புதுப்பிப்பாளர் மாட்டியிருப்பது ஐம்பத்தைந்து அங்குலம்; அதன் உச்சி விளிம்பில் ஒரு தீப்பெட்டி நிற்காது. சரி, சாமான்கள் எங்கே போயின? ஒழிந்துவிட்டன என்பது அவர் எண்ணம். ஒழியவில்லை, இடம் பெயர்ந்திருக்கின்றன. பலகை இல்லாத எந்த ஹாலிலிருந்தும் நேரே ஃபிரிட்ஜ் பக்கம் போய்ப் பாருங்கள். தலையாட்டி பொம்மை அங்கே, மருந்துச் சீட்டுக்கும் ஸ்டெபிலைசருக்கும் நடுவில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். கோப்பை வாஷிங் மெஷின் மேல். கல்யாணப் படம், போன தீபாவளிக்கு வந்த அட்டைப்பெட்டிக்குள் லாஃப்ட்டில். செட்டாப் பாக்ஸ்தான் பரிதாபம். டிவியின் முதுகுக்குப் பின்னால் வயரிலேயே தொங்கிக்கொண்டு, ரிமோட்டின் சொல் காதில் விழாமல், சேனல் மாற்ற எழுந்துபோய் டிவியைச் சற்றே தூக்கிக் காட்டச் சொல்கிறது. பலகை போடாத வீட்டில் பலகை இல்லாமல் இருப்பதில்லை. அதைச் சமையலறை சுமக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் வெறுஞ்சுவர்க் கட்சியின் முதல் வக்கீல் எழுந்து நிற்பார். சென்னையில் கட்டடக்கலை படிக்கும் மகனோ, இன்டீரியர் படங்களைச் செல்போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் மருமகளோ. சுவர் வெறுமையாக இருப்பதுதான் அழகு, கண்ணுக்கு ஓய்வு வேண்டும், நம் பழைய வீடுகளே அப்படித்தானே என்பது அவர்கள் வாதம். கடைசிப் பகுதியில்தான் அவர்கள் வழுக்குகிறார்கள். திருமயம் வட்டத்தில் ராயவரம், கடியாபட்டி, அரிமளம், கோனாபட்டு என்று செட்டிநாட்டு வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. நம் புதுப்பிப்பாளர் வேலை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கெல்லாம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு, ஆத்தங்குடிக் கல்லுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தவர். அந்தச் சுவர்கள் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சில் பளிங்காய் மின்னுவது உண்மை. ஆனால் வெறுமையாக இருக்கின்றனவா? வளவில் நின்று நிமிர்ந்து பார்த்தால், நிலைக்கு மேலே வரிசையாக, முன்பக்கம் சாய்த்து மாட்டிய படங்கள்: ரங்கூனில் கோட்டுப் போட்டு எடுத்துக்கொண்ட ஐயா, ரவிவர்மா லட்சுமி, யாரோ ஒரு கலெக்டரோடு நிற்கும் கூட்டம். கீழே, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, சுவருக்குள்ளேயே குடைந்த மாடம், அதில் விளக்கு. அந்தக் காலத்துச் சுவரின் கனத்துக்கு மாடத்தை உள்ளே குடைய முடிந்தது, பலகை வெளியே நீள வேண்டிய தேவை எழவில்லை. இன்று அறைக்கு அறை நாலரை அங்குலச் சுவர். அதில் மாடம் குடைந்தால் பக்கத்து அறையில் படுத்திருப்பவர் கையை நீட்டி விளக்கை அணைப்பார். உள்ளே போக வழியில்லாதபோது வெளியே நீளத்தான் வேண்டும். ஆத்தங்குடிக் கல்லை வாங்கிக்கொண்டு மாடத்தை விட்டுவிட்டு வந்தவர், அந்த வீட்டைப் பாதிதான் பார்த்திருக்கிறார்.

ஊரையும் கொஞ்சம் குற்றம் சொல்லலாம். 1878-இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி புதுக்கோட்டைத் தெருக்களை அகலமாக, நூல் பிடித்து, குறுக்கும் நெடுக்கும் செங்கோணத்தில் போட்டுவிட்டுப் போனார். அப்படிப்பட்ட தெருவில் பிறந்து வளர்ந்தவருக்குச் சுவரில் எதுவும் துருத்திக்கொண்டிருந்தால் மனசு உறுத்தும். ஆனால் அதே நேர்த் தெருவில் ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் ஒரு பெஞ்சு கிடப்பதை அவர் கவனித்ததில்லை.

இரண்டாவது ஆட்சேபம் வீட்டுப் பெண்களுடையது, இதைத் தள்ளிவிட முடியாது. "பலகைய நீங்க போட்டுருவீக, தூசிய யாரு தொடைக்கிறது?" பல்லி எச்சம், சிலந்திக்கூடு, செம்மண் புழுதி. கந்தர்வகோட்டைச் சாலையில் ஒரு லாரி போனால் பலகையில் பெயர் எழுதலாம். மேல் விளிம்பு உள்ள எதிலும் தூசி படியும். ஆனால் டிவியின் பின்னால், சுவருக்கும் திரைக்கும் நடுவே உள்ள இரண்டு அங்குலத்தில் படிகிற தூசியை யார் துடைக்கிறார்கள்? யாரும் இல்லை, கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால். பலகைத் தூசி தெரிகிற தூசி. விருந்தாளி வருகிறார் என்றால் துடைத்துவிடுவார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: துடைக்கிற வேலை பெண்களுக்கே என்று விதித்துவிட்டுப் பலகை போடுகிற வீட்டில் போடாமலிருப்பதே மேல். இஞ்ச் டேப்பை எடுக்கிற கை துணியையும் எடுக்கட்டும்.

மூன்றாவது சந்தேகம் ஆசாரியைப் பற்றியது. ஆசாரியைக் கேட்டால் பலகை வேண்டும் என்றுதான் சொல்வார். பலகை மட்டுமா, சுவர் முழுக்க பிளைவுட் அடித்து, மைக்கா ஒட்டி, இரண்டு பக்கமும் கண்ணாடி ஷோகேஸ், நடுவில் லைட், கீழே ஆறு இழுப்பறை என்று தொடங்கி, தொகையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார். இங்கேதான் நம் புதுப்பிப்பாளர் மிரண்டு, ஒன்றுமே வேண்டாம் என்கிற எதிர்க்கரைக்கு நீந்திவிடுகிறார். சொல்கிறவருக்கு லாபம் இருக்கிறது என்பதாலேயே சொல் பொய்யாகிவிடாது. ஷோகேஸ் வேறு, பலகை வேறு. ஷோகேஸுக்குக் கதவும் பூட்டும் உண்டு. உள்ளே போன பொம்மை வெளியே வராது, குழந்தை கேட்டால் சாவியைத் தேட வேண்டும். பலகை திறந்து கிடப்பது. வைத்ததை எடுக்கலாம், எடுத்ததை அடுத்த மாதம் மாற்றி வைக்கலாம். ஒரு ஒண்ணேகால் அங்குல மரம், மூன்று தாங்கி. வேப்பமரமோ பலாமரமோ, பழைய வீட்டு உத்தரத்தில் மிஞ்சிய துண்டோ போதும். கஜா புயல் 2018-இல் இந்த மாவட்டத்தில் சாய்த்த பலாவும் மாவும் எத்தனையோ வீட்டில் இன்னும் மரமாகக் கிடக்கின்றன.

வீட்டிலுள்ள அப்பத்தாவின் வாக்கும் இருக்கிறது. அவர் பலகைக் கட்சி, ஆனால் அவருடைய காரணம் வேறு. "ஒங்க அய்யா படத்த எங்கடா வைக்கப் போற? சொவத்துல ஆணி அடிக்கக் கூடாதுங்குற, பெயின்டு போயிரும்ங்குற." பெயின்டை விட அய்யா முக்கியம் என்பதை நேராகச் சொல்லாமல் சொல்வதில் அந்தத் தலைமுறைக்கு நிகர் இல்லை. மாலை போட்ட படத்தை ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று மகன் இழுப்பார். நியாயமான கேள்விதான், மறைந்தவர் படத்துக்குத் தனிச் சுவர் கொடுப்பதுதான் நம் பழக்கம். அதற்கு ஆணி அடித்துத்தான் ஆக வேண்டும். பலகை உயிரோடு இருப்பவர்களுடைய கோப்பைகளுக்கும் சங்குகளுக்கும் உரியது.

மிச்சமிருக்கும் எதிர்வாதம்தான் பலமானது: இன்று ஒரு பொம்மை வைப்பீர்கள், ஆறு மாதத்தில் பலகை நிரம்பி வழியும், ஹால் பழைய கடைச் சாமான் கிடங்காகும். ஆமாம், நிரம்பும். நிரம்பாத பலகையை யாரும் பார்த்ததில்லை. அதற்கு மருந்து பலகையைக் கைவிடுவது இல்லை, அகலத்தைக் கட்டுவது. ஒன்றரை அடி அகலத்துக்குப் போட்டால் அது மேஜை. ஹெல்மெட்டும் மளிகைப் பையும் குடியேறிவிடும். எட்டு அங்குலம் என்றால் செட்டாப் பாக்ஸ் உட்காரும், படச்சட்டம் சாய்ந்து நிற்கும், பொம்மை தலையாட்டும், ஹெல்மெட் தானாகக் கீழே விழும். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வருமாறு டிவியை மாட்டுவது வழக்கம். அப்படியானால் பலகை அதன் அடிவிளிம்புக்கு ஒரு சாண் கீழே விழும். வயர் போகப் பின்விளிம்பில் ஒரு துளை. இவ்வளவுதான் வேலை, அரை நாள். ஒரே ஒரு எச்சரிக்கை: தச்சங்குறிச்சி, விராலிமலை என்று மாடு அவிழ்க்கிற வீடாக இருந்தால், வாடிவாசலில் வாங்கிய கேடயத்தின் அடிக்கட்டையை முதலில் அளந்துகொள்ளுங்கள். சிலது பத்து அங்குலத்துக்குப் போகிறது, அந்தக் காளையின் சொந்தக்காரரிடம் கேடயத்தை ஃபிரிட்ஜ் மேல் வைக்கச் சொல்ல ஆசாரிக்கும் தைரியம் வராது.