உபரி விசைப்பலகையாளர்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கணினி சார்ந்த வேலையில் முடி நரைத்தவர்களிடையே பரவலாகக் காணப்படும் ஒரு மனித வகையை உபரி விசைப்பலகையாளர் எனலாம். கணினியைப் பலமுறை மாற்றியும், அதனோடு வந்த கீபோர்டு ஒன்றைக்கூட வீட்டைவிட்டு வெளியேற்றாதவர் என்பது இவருக்குரிய இலக்கணம். 'அவசரத்துக்கு ஆகும்' என்பதே இவருடைய ஒரே சித்தாந்தம். அவற்றுள் பெரும்பாலானவை, ஐபிஎம் நிறுவனம் 1987இல் கொண்டுவந்த பிஎஸ்/2 எனும் வட்டச் செருகியை உடையவை என்பதும், அது நுழையும் துளை இவருடைய இன்றைய மடிக்கணினியில் இல்லை என்பதும் சித்தாந்தத்தைப் பாதிப்பதில்லை. இணைப்பான் எங்கோ ஒரு டப்பாவில் இருக்கிறது.

இவருடைய உண்மையான சோதனை, இந்தக் கீபோர்டுகளைப் பத்திரப்படுத்தி வைப்பதற்கான பெட்டியில் தொடங்குகிறது. எண்பகுதியும் சேர்ந்த முழு விசைப்பலகை ஏறத்தாழ 45 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் கொண்டு, தடிப்பே இல்லாமல் கிடப்பதால், மனிதகுலம் வேறெந்தப் பண்டத்துக்கும் அந்த அளவில் பெட்டி செய்ததாகத் தெரியவில்லை. செருப்புப் பெட்டி நீளத்தில் தோற்கிறது. டியூப்லைட் பெட்டி நீளத்தில் தாராளம், அகலத்தில் கஞ்சம். பட்டுப்புடவைப் பெட்டியைக் கேட்கும் துணிவு இவருக்கு இல்லை. ஏ3 தாளின் மூலைவிட்டம் 51 செ.மீ.க்குச் சற்று மேல் என்று கணக்கிட்டு, ஜெராக்ஸ் கடையில் கெஞ்சி வாங்கிய தாள்பெட்டியில் கீபோர்டைச் சாய்வாக நிறுத்திப் பார்ப்பதும், இரு மூலைகள் வீணாவதைக் கண்டு உறக்கமிழப்பதும் இவ்வகையினரின் தனிச்சிறப்பு. 1985இல் வெளிவந்த மாடல் எம் என்பது, ஒவ்வொரு விசைக்கடியிலும் சுருள்வில் வளைந்து 'டக்'கென ஒலிக்கும், இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் விசைப்பலகை. அலுவலக ஏலத்தில் கிடைத்த அது 49 செ.மீ. நீளமாதலால், பெட்டி ஆராய்ச்சியிலிருந்து நிரந்தர விலக்குப் பெற்றுப் பழைய வேட்டியில் துயில்கிறது.

"ஏங்க, வாங்கினப்போ வந்த பெட்டியெல்லாம் எங்கே?" என்று மனைவி கேட்பதுண்டு. அவை பரணை அடைக்கின்றன என்று பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டவர் இவரேயாதலால், அவ்வினாவுக்கு விடை வருவதில்லை.

இறுதியில் இவர் அளவுநாடாவுடன் ரிச்சி தெருவிலுள்ள கணினிக் கடைக்குச் சென்று, கடைக்காரர் விசைகளின் தரத்தை விளக்கிக்கொண்டிருக்க, அட்டைப்பெட்டியை மட்டும் உள்ளும் புறமும் அளந்து, புதிய கீபோர்டு ஒன்றை வாங்கிவருகிறார். பெட்டி பழையதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. புதியது, பெட்டியின்றி, பரணிலுள்ள வரிசையில் கடைசியாகச் சேர்கிறது.